கல்வெட்டுக்கும் பதிவேட்டுக்கும் நடுவே: தமிழில் போர்க்காலப் புனைவு

போளூருக்கும் ஆரணிக்கும் இடையில், வடமாதிமங்கலத்தை ஒட்டித் திருமலை என்ற சமணக் குன்று இருக்கிறது. அங்கே குந்தவை ஜினாலயமும், பாறையில் முதலாம் இராசேந்திர சோழனின் கல்வெட்டும் உண்டு. 1025ஐ ஒட்டிய காலத்துக் கல்வெட்டு அது. ஹூல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே அச்சேறிவிட்டது. சோழனின் கங்கைப் படையெடுப்பைப் பற்றி எழுத வருகிறவர்கள் இந்தப் பாறையைத் தொடாமல் போவதில்லை. வனவாசி, கொள்ளிப்பாக்கை, மண்ணைக்கடக்கம், ஈழம், கோசலம், வங்காளம், கங்கை என்று வென்ற நாடுகள் வரிசையாக வருகின்றன. கடாரம் இன்னும் பட்டியலில் ஏறவில்லை. ஈழத்தரசனின் முடியும் அவன் தேவியரின் முடியும் பறிபோன செய்தி அதில் இருக்கிறது. இத்தனை போரையும் சொல்லி முடித்த பிறகுதான் கல்வெட்டு தன் காரியத்துக்கு வருகிறது. பெரும்பாணப்பாடி வணிகர் ஒருவரின் மனைவி சாமுண்டப்பை இந்தக் கோயிலில் விளக்கெரிய வைத்த கொடையைப் பதிவு செய்வதுதான் அந்தக் காரியம்.

விளக்கு வைத்த பெண்ணுக்குக் கல்லில் பெயர் உண்டு. வென்றவனுக்கு உண்டு, தோற்ற மன்னர்களுக்கும் உண்டு. படை நடந்த வழியில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடியவர்களுக்கு ஒரு வரி கிடையாது. அரசனின் வெற்றிகளைப் பாடும் இந்த மெய்க்கீர்த்தியிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. அது அதற்காக எழுதப்பட்டதல்ல. ஆனால் ஓடியவர்களை எழுத வேறு எந்த வடிவமும் நம்மிடம் நெடுங்காலம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த வட்டாரத்தில் போருக்குப் பஞ்சம் இருந்ததில்லை. போளூருக்குப் பக்கத்துப் படவேட்டில் ஆண்ட சம்புவராயரை விசயநகரத்துக் குமார கம்பணன் 14ஆம் நூற்றாண்டில் அடக்கினான். அவன் மனைவி கங்காதேவி அந்தப் படையெடுப்பைச் சமஸ்கிருதக் காவியமாகவே பாடினாள். 1740இல் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி மராட்டியரோடு மோதி மாண்டபோது அவர் குடும்பமே புதுச்சேரியில் தஞ்சம் புகுந்தது. 1751 டிசம்பரில் ஆரணியில் கிளைவ் வென்றார். 1780இல் ஹைதர் அலியின் படை செங்கம் கணவாய் வழியாக இறங்கிக் கர்நாடகப் பகுதியைச் சூறையாடியது. 1782 ஜூனில் அதே ஆரணியில் ஐர் கூட்டும் ஹைதரும் மோதினார்கள். பள்ளிக்கூடப் பாடத்தில் இவையெல்லாம் வருடமும் தளபதி பெயருமாக வரும். கிராமங்கள் காலியானதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு போன்ற ஒன்றிரண்டு எழுத்துகளில் துண்டுதுண்டாகத்தான் பார்க்க முடியும்.

அந்த இடத்தைத் தமிழில் நிரப்ப வந்தது நாவல். நாவல் வந்தபோது கல்வெட்டு ஒன்றே அதற்கு எதிரில் இருக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் அரசு, ஓடி வந்தவர்களையும் எழுதக் கற்றுக்கொண்டிருந்தது. பதிவேடு, அடையாள அட்டை, விசாரணை அறிக்கை, தஞ்ச விண்ணப்பம் எல்லாம் அந்த எழுத்துதான். கல்வெட்டு அகதியை விட்டுவிட்டது. பதிவேடு அவரை ஒரு வரியில் அடைத்தது. தமிழின் நல்ல போர்க்காலப் புனைவுகள் இந்த இரண்டோடும் மல்லுக்கு நின்றவை. நம் விமர்சகர்கள் இவற்றைப் பெரும்பாலும் 'வலியின் பதிவு' என்ற ஒற்றைப் பாராட்டோடு கடந்துவிடுகிறார்கள். அந்தப் பாராட்டு எனக்கு ஒப்பாது. வலியைப் பதிந்து வைக்க அலுவலகங்கள் போதும்.

முதலில் இந்தத் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர் ஒருவரிடமிருந்து தொடங்கலாம். வெ. சாமிநாத சர்மா செய்யாற்றை அடுத்த வெங்களத்தூரில் 1895இல் பிறந்தவர். பிளாட்டோவையும் ஐரோப்பிய அரசியலையும் தமிழில் எழுதிய அறிஞராக அவரைத் தெரிந்தவர்கள் பலர். 1930களில் ரங்கூனுக்குப் போனவர், அங்கே 'ஜோதி' இதழை நடத்தினார். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச் 8இல் நகரம் விழுந்தது. பர்மாவிலிருந்த இந்தியர்களில் நான்கைந்து லட்சம் பேர் இந்தியா நோக்கிக் கிளம்பியதாகக் கணக்கிடுகிறார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் சிலர். மற்றவர்களுக்கு அரக்கான் மலைகளோ, களேவா, தமு வழியாக மணிப்பூருக்குள் நுழையும் காட்டுப்பாதையோதான். வழியில் காலராவாலும் பசியாலும் இறந்தவர்கள் பத்தாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் வரை இருக்கலாம் என்கிறார்கள். எண்ணிக்கையில் இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதே, இறந்தவர்களை அன்று யாரும் எண்ணவில்லை என்பதற்குச் சான்று. வெள்ளையர்களுக்குச் சற்று வசதியான பாதையும் இந்தியர்களுக்கு வேறு பாதையும் ஒதுக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது.

சர்மாவும் அவர் மனைவி மங்களம்மாளும் அந்தக் கூட்டத்தோடு நடந்து வந்தார்கள். 'எனது பர்மா வழி நடைப் பயணம்' என்ற நூலில் அதை எழுதியிருக்கிறார். நூல் வடிவில் அது வந்தது அவர் இறந்த பிறகு, 1970களின் கடைசியில். புனைவு பற்றிய கட்டுரையில் பயண நூலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தமிழில் போர் அகதியின் குரல் முதலில் தயங்கித் தயங்கி இந்த வடிவத்தில்தான் வெளிப்பட்டது என்பதே அதற்கு என் பதில். சர்மா உலக வரலாறு எழுதிப் பழகிய கை. ஊர், நாள், தூரம், உணவு, உடன் வந்தவர் என்று எழுதினால் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அந்த நடையில் இருக்கிறது. தன்னை முன்னிறுத்தத் தயங்கும் கண்ணியமும் இருக்கிறது. அது அவர் தலைமுறையின் குணம். ஆனால் அந்தக் கண்ணியம் தொடாமல் விட்ட இடம் ஒன்று உண்டு. வழியில் விழுந்தவரைத் தாண்டிப் போன மனம் பிறகு எப்படி வாழ்ந்தது என்பது அந்த இடம். அதற்குள் புகப் புனைவு தேவைப்பட்டது.

புகுந்தவர் ப. சிங்காரம். சிங்கம்புணரிக்காரர், 1920இல் பிறந்தவர். 18 வயதில் சுமத்ராவின் மெடான் நகரத்துக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனார். போர் முடிந்து 1946இல் திரும்பினார். மனைவியையும் குழந்தையையும் அங்கேயே பறிகொடுத்திருந்தார். பிறகு மதுரையில் தினத்தந்தியில் நெடுங்காலம் வேலை செய்தார், வசித்தது ஒய்.எம்.சி.ஏ. விடுதியில். 1997இல் இறந்தார். எழுதியவை இரண்டே நாவல்கள். 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு பெற்று 1959இல் நூலானது. 'புயலிலே ஒரு தோணி' எழுதப்பட்டுப் பத்தாண்டு கழித்து 1972இல் வெளிவந்தது. மு. வரதராசனும் நா. பார்த்தசாரதியும் லட்சிய நாயகர்களைப் படைத்து வாசகர்களை ஈர்த்துவந்த காலத்தில் சிங்காரத்தின் கசப்பான எள்ளலை எடுத்து வைக்க அலமாரியில் இடம் இருந்திருக்காது.

சிங்காரத்தின் நாவல்களில் போர் ஒரு விசித்திரமான வேலையைச் செய்கிறது. செட்டிநாட்டு, முகவை மாவட்டத்து இளைஞர்கள் கடல் கடந்து போனதே பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கெழுதத்தான். அவர்களுடைய நாளைப் பேரேடும் வட்டிச் சிட்டையும்தான் நடத்துகின்றன. ஜப்பான்காரன் வந்து இறங்கியதும் அந்த ஒழுங்கு ஒரே நாளில் சரிகிறது. கணக்கப்பிள்ளை துப்பாக்கி எடுக்கிறான், இந்திய தேசிய ராணுவத்தில் சேருகிறான், பினாங்கு மதுக்கடையில் உட்கார்ந்து தமிழ் வரலாற்றையே தாறுமாறாக அலசுகிறான். 'கடலுக்கு அப்பால்' செல்லையாவின் துயரம் போர் முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. கடைகள் மறுபடி திறக்கின்றன. பழைய முதலாளி பழைய முதலாளியாகவே இருக்கிறார். பட்டாளத்துக்குப் போய் வந்தவன் கடைக்கும் ஆகமாட்டான், மகளைக் கட்டிக்கொடுக்கவும் ஆகமாட்டான் என்பது அவர் கணக்கு. காதல் தோல்விக் கதையாக இதைப் படித்தவர்கள் உண்டு. போரில் பெரியவனானவனைச் சமாதானம் மறுபடி சிறியவனாக்குவதைத்தான் நான் இதில் பார்க்கிறேன்.

'புயலிலே ஒரு தோணி'யின் பாண்டியனுக்கு ஊர் நினைவு அடிக்கடி வருகிறது. மதுரைத் தெருக்கள், கடைகள், உணவு, பெண்கள், ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் கட்டுப்பாடில்லாமல் ஓடி வருகின்றன. புலம்பெயர்ந்தவனின் ஊர் ஏக்கம் தமிழில் பழைய சரக்கு. சிங்காரம் அதைக் கையாண்ட விதம் புதிது. பாண்டியனின் ஊர் இனிமையான ஊர் அல்ல. சாதிப் பெருமை, வெட்டி வீரம், பொய்ப் பேச்சு எல்லாம் அங்கே உண்டு. அவன் அவற்றைக் கேலி செய்துகொண்டே ஏங்குகிறான். ஒரே மூச்சில் ஏளனமும் ஏக்கமும் வரும் அந்த நடையை அவருக்குப் பின் பலர் முயன்றும் யாருக்கும் அப்படி அமையவில்லை. கடைசியில் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று பாண்டியன் முடிவெடுக்கிறான். திரும்புவதற்குள் குண்டுபட்டுச் சாகிறான். ஊரை நினைத்துக்கொண்டே இருந்தவனுக்குத் தன் ஊர் எது என்பது கடைசிவரை தீரவில்லை.

அதே போரில் இன்னொரு பக்கம், வட ஆர்க்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன குடும்பங்கள் சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டன. 1942, 43இல் ஜப்பானியர் போட்ட, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளப் பாதை அது. உலகம் அதைக் குவாய் நதிப் பாலம் பற்றிய 1957ஆம் ஆண்டுத் திரைப்படம் வழியாக அறிந்தது. அங்கே மாண்ட போர்க்கைதிகளைவிட ஆசியக் கூலிகள் பல மடங்கு அதிகம். அவர்களில் தமிழர்கள் பெருந்தொகை. படத்தில் அவர்கள் இல்லை. மலேசியாவின் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகியவை அவர்களுக்காக எழுதப்பட்டவை. சிங்காரத்தின் கலை நுட்பம் இவற்றில் இல்லை. ஆனால் அந்தத் தொழிலாளர்களைப் பற்றிய ஆவணங்கள் இவ்வளவு மெலிந்திருக்கும்போது, தப்பி வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எழுதிய நாவல்களை நுட்பத்தை மட்டும் வைத்து எடைபோட முடியாது.

ஈழத்துக்கு வருவோம். 1977 ஆகஸ்ட் கலவரத்தில் கொழும்பிலிருந்து விரட்டப்பட்ட தமிழர்களைக் காங்கேசன்துறைக்கு ஏற்றி வந்த கப்பலின் பெயர் லங்கா ராணி. அருளரின் நாவலுக்கும் அதுவே பெயர். கதை முழுவதும் கப்பல் பயணம். உத்தியோகத்தர், வியாபாரி, மலையகத் தொழிலாளி எல்லாரும் ஒரே தளத்தில் நெருக்கியடித்துப் பேசிக்கொண்டே வருகிறார்கள். பேச்சு கூடிக்கூடி அரசியலாகிறது. அங்கே நினைவும் இழப்பும் ஒரு திட்டத்துக்குக் கொண்டு சேர்க்கும் படிகள். தனிநாடுதான் ஊர் இழந்தவனுக்கு ஊர். அந்தக் கலவரத்துக்கு எட்டு ஆண்டு கழித்து, 1985இல், கோவிந்தன் என்ற புனைபெயரில் 'புதியதோர் உலகம்' வந்தது. விடுதலைக்குப் புறப்பட்டு வந்தவர்களைத் தமிழ்நாட்டுப் பயிற்சி முகாம்களில் இயக்கமே வதைத்ததையும் கொன்றதையும் உள்ளே இருந்தவர் எழுதியது. தஞ்சை மண்ணில் நடந்த கதை அது. நம் தோப்புகளிலும் வயல்களிலும் நடந்ததை நாம் எவ்வளவு சீக்கிரம் மறந்தோம் என்பதற்கு, அந்த நாவல் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பார்த்தால் போதும்.

அதன்பின் ஈழப் புனைவுக்கு எதிர்ப்பக்கத்தில் மூன்று பேர் வந்துவிட்டார்கள்: இலங்கை அரசு, இயக்கம், மேற்கு நாட்டுத் தஞ்ச அதிகாரி. மூவருக்கும் தனித்தனி நினைவு வேண்டும். அரசுக்கு ஒப்புதல் வாக்குமூலம் வேண்டும். இயக்கத்துக்கு வீரவரலாறு வேண்டும். தஞ்ச அதிகாரிக்கு முன்பின் முரணில்லாத, நாள் தேதியோடு கூடிய துன்பம் வேண்டும்.

மூன்றாவது ஆளை இலக்கியத்துக்குள் இழுத்து வந்தவர் ஷோபாசக்தி. அல்லைப்பிட்டியில் பிறந்து, சிறுவனாக இயக்கத்துக்குப் போய், விலகி, 1993இல் பிரான்ஸுக்குச் சேர்ந்தவர். 2001இல் வந்த 'கொரில்லா', அகதித் தஞ்சம் கேட்கும் மேல்முறையீட்டுக் கடிதமாகத் தொடங்குகிறது. ஊர், பிறந்த தேதி, கைது, சித்திரவதை, விடுதலை எல்லாம் அதிகாரி எதிர்பார்க்கும் வரிசையில், அதிகாரி எதிர்பார்க்கும் பணிவில் வருகின்றன. அதைத் தாண்டியதும் ரொக்கிராஜ் என்ற பையனின் கதை ஊர்க்கொச்சையில், கேலியும் கொடூரமுமாகப் பாய்கிறது. பக்கத்தின் அடியில் அடிக்குறிப்புகள், இறந்தவர்களின் பெயரையும் நாளையும் சொல்லி நிற்கின்றன. ஆய்வேட்டுக்குரிய அடிக்குறிப்பை நாவலில் வைப்பது விளையாட்டு என்றுதான் முதலில் தோன்றும். படிக்கப் படிக்க விளையாட்டு யாரை நோக்கியது என்று தெரிகிறது. தஞ்ச அலுவலகம் உண்மை என்று ஏற்கும் கடிதம் பாதி பொய்யாக இருக்கலாம்; கட்டுக்கதை என்று வாசகர் எடுத்த நாவலில் அடிக்குறிப்பு உண்மையாக இருக்கிறது. ஆவணத்தின் கையிலிருந்த அதிகாரத்தைப் பிடுங்கிப் புனைவுக்குக் கொடுத்த செயல் இது. தமிழ் நாவல் வடிவத்தில் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நடந்த முக்கியமான மாற்றங்களில் ஒன்றாக இதை வைப்பேன்.

2009 மே மாதம் போர் முடிந்தது. அதன்பின் நாவல்கள் வரிசை கட்டி வந்தன. தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' (2013), குணா கவியழகனின் 'நஞ்சுண்டகாடு' (2014), சயந்தனின் 'ஆறா வடு' (2012), 'ஆதிரை' (2015), தமிழ்நதியின் 'பார்த்தீனியம்' (2016). எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் செல்லடியும் பங்கரும் சாவுமாகச் சம்பவங்கள் குவிந்து வாசகரை மரத்துப்போக வைக்கின்றன. இழப்பை நேரில் பட்டவருக்கு எதையும் விட மனம் வராது என்பது புரிகிறது. ஆனாலும் 'ஊழிக்கால'த்தில் கிழவி ஒருத்தி பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு கொட்டிலைப் பிரிப்பதும் அடுத்த இடத்தில் போடுவதுமாக முள்ளிவாய்க்காலை நோக்கி நகரும் பக்கங்கள் நெஞ்சில் நிற்பதற்குக் காரணம், அங்கே சாவைவிடச் சமையல் முக்கியமாக இருப்பதுதான். அரிசி எங்கே, தண்ணீர் எங்கே, தறப்பாள் எங்கே என்று ஓயாமல் தேடுகிற மனதுக்கு அரசியல் பேச நேரமில்லை.

'ஆதிரை' எனக்கு வேறு காரணத்துக்காக முக்கியம். அதன் வன்னிக் கிராமத்தில் இருப்பவர்களில் ஒரு பகுதி, கலவரங்களில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர்களின் பாட்டன் பூட்டன் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து பஞ்சத்தில் கண்டிச்சீமைக்குப் போனவர்கள். 1948இல் குடியுரிமை போயிற்று. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சத்தைப் பத்தாண்டு கழித்து இந்திராவும் சிறிமாவோவும் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். வடக்குக்கு வந்த பிறகும் யாழ்ப்பாணத்து வேளாளக் கண்ணுக்கு அவர்கள் 'தோட்டக்காட்டார்'. போராட்டத்தில் முன்னணிக்கு அனுப்பப்பட்டவர்களிலும் அவர்கள் பிள்ளைகள் அதிகம். சயந்தன் இதை வாதமாக எழுதாமல் ஒரு குடும்பத்தின் முப்பது வருட வாழ்க்கையாக எழுதியதால், தேசியம் யார் தோளில் ஏறி நின்றது என்பது தானாகவே தெரிந்துவிடுகிறது. இடம்பெயர்ந்தவர்களுக்குள்ளும் படிநிலை உண்டு. வந்த வழி, வந்த சாதி, வந்த காலம் எல்லாம் கணக்கில் வரும். அதேபோல 1990 அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து புலிகள் வெளியேற்றிய 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்களின் இழப்பு ஈழத் தமிழ்ப் புனைவில் போதிய அளவு வரவில்லை. கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பிரிந்ததை அக்கரைப்பற்றுப் பேச்சில் எழுதிய விமல் குழந்தைவேலின் 'கசகறணம்' அந்த வகையில் விதிவிலக்கு.

நெசவூர்க்காரர்களுக்குப் பழக்கமான இன்னொரு இடப்பெயர்வை இங்கே நினைக்க வேண்டும். ஆரணிப் பட்டுத் தறிகளில் உட்கார்ந்திருக்கும் சௌராஷ்டிரக் குடும்பங்கள் வீட்டில் தங்கள் மொழியைப் பேசுகிறவர்கள். கஜினி முகமது சோமநாதபுரத்தைத் தாக்கியதால் முன்னோர் ஊரை விட்டார்கள் என்பது சமூகத்துக்குள் வழங்கும் நினைவு. அந்தத் தாக்குதலும் திருமலைக் கல்வெட்டும் ஏறத்தாழ ஒரே காலம். வரலாற்றாசிரியர்கள் அவ்வளவு எளிதாக ஒப்ப மாட்டார்கள். தேவகிரி, விசயநகரம், மதுரை நாயக்கர் ஆதரவு என்று பல நூற்றாண்டு நகர்வைப் பேசுவார்கள். லாட நாட்டிலிருந்து இடம்பெயர்ந்த பட்டு நெசவாளர்கள் தாங்களே எழுதவைத்த 5ஆம் நூற்றாண்டு மந்தசோர்க் கல்வெட்டையும் சிலர் இதோடு சேர்ப்பதுண்டு. நேரடித் தொடர்பு நிறுவப்படவில்லை. எப்படியானாலும் தாங்கள் வந்த கதையை இந்தச் சமூகம் கல்யாணச் சடங்கின் உரையாடலில் பொதிந்து வைத்தது. அவர்களுக்குள்ளிருந்து வந்த பெரிய எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராம், கும்பகோணத்துப் பட்டு நெசவாளர் வாழ்வை 'வேள்வித் தீ'யில் எழுதியபோது போரோ ஓட்டமோ அதில் இல்லை. தறி, கூலி, குடும்பம், காமம்தான் இருக்கின்றன. இன்று அவர்களை ஆரணியில் யாரும் வந்தவர்கள் என்று சொல்வதில்லை. அதற்கு எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதுதான் கேள்வி.

ஏனென்றால் இதே மாவட்டத்தில் நாற்பது வருடமாக இருந்தும் வந்தவர்களாகவே வைக்கப்பட்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். 1983 ஜூலைக்குப் பின் படகேறி வந்த இலங்கைத் தமிழர்களைத் தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் குடிவைத்தார்கள். திருவண்ணாமலை மாவட்டத்திலும் வேலூரிலும் முகாம்கள் உண்டு. 2021 அளவில் முகாம்களில் 58,000க்கு மேற்பட்டோரும் வெளியே பதிவு செய்துகொண்டு ஏறத்தாழ 34,000 பேரும் இருந்தார்கள். அந்த வருடம் அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. புதிய வீடுகள் கட்டும் திட்டத்தை வேலூர் மேல்மொணவூரில் தொடங்கியது. வீடுகள் தேவை, நல்ல காரியம். ஆனால் முகாமில் பிறந்து, தமிழ்நாட்டுப் பாடநூலைப் படித்து, பெயிண்டிங் வேலைக்கோ கல்லூரிக்கோ போகிற இளைஞர் இந்தியக் குடிமகன் இல்லை. 1987 ஜூலை 1க்குப் பிறகு இங்கே பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றோடு நின்றுவிட்டது. இலங்கை அதில் இல்லை.

இந்த வாழ்க்கையை உள்ளிருந்து எழுதியவர்களில் முதன்மையானவர் தொ. பத்திநாதன். 1990இல் மன்னார்ப் பகுதியிலிருந்து சிறுவயதில் வந்தவர். காலச்சுவடு 2007இல் வெளியிட்ட 'போரின் மறுபக்கம்' தன்வரலாறு, 'அந்தரம்' நாவல். மண்டபம் முகாமில் பதிவு, வருவாய்த்துறை ஆளும் கியூ பிராஞ்ச் ஆளும் வந்து தலை எண்ணும் நாள், பணக்கொடை, வெளியூர் போக அனுமதி, ராஜீவ் கொலைக்குப் பின் 1991இல் ஊர்க்காரர் பார்வை மாறியது என்று அவர் எழுதுவது இரண்டாவது இழப்பின் கதை. முதல் இழப்பில் எதிரி யார் என்று தெரிந்தது. இங்கே எதிரி இல்லை. 'நம்ம ஆளுங்க' என்று சொல்கிற மக்கள் இருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் வீட்டு வாடகை, கல்யாணப் பேச்சு, போலீஸ் விசாரணை வரும்போது என்ன மிஞ்சும் என்பதை அவர் எழுத்து பார்த்துச் சொல்கிறது. பெரிய போர்க்களத்தை எதிர்பார்த்து வருகிற வாசகருக்கு இதில் சுவாரசியம் குறைவு. அதனால்தான் ஈழ நாவலுக்குத் தமிழ்நாட்டில் இருக்கும் வரவேற்பு முகாம் எழுத்துக்கு இல்லை. முள்ளிவாய்க்காலைப் படித்து அழ நமக்கு முடிகிறது. அங்கே குற்றவாளி வேறு ஆள். முகாம் நாவலில் வாசகரே ஒரு பாத்திரம்.

தமிழ்ப் போர்ப் புனைவில் பாக்கியிருக்கும் பெரிய வேலை இதுதான் என்று நினைக்கிறேன். ஈழத்தின் கதையை ஈழத்தவர் எழுதிவிட்டார்கள், இன்னும் எழுதுவார்கள். அடுத்த தலைமுறை ஆங்கிலத்தில் எழுதி உலகப் பரிசுகளும் பெற்றுவிட்டது: அனுக் அருட்பிரகாசத்தின் நாவல் 2021இல் புக்கர் இறுதிப் பட்டியலுக்கு வந்தது, வி.வி. கணேசானந்தன் 2024இல் பெண்களுக்கான புனைவு விருதை வென்றார். தமிழ்நாட்டு முகாமில் பிறந்து, ஈழத்தைக் கண்ணால் காணாமல், பாட்டி சொன்ன மன்னாரையும் தான் நடக்கும் வந்தவாசிச் சாலையையும் ஒன்றாகச் சுமக்கும் தலைமுறையின் நாவல் வரிசைதான் மிச்சம். அதில் ஈழப் பேச்சும் வட ஆர்க்காட்டுப் பேச்சும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். பாட்டியிடம் 'ஓம்' என்று சொல்கிற வாய், தெருவில் 'இன்னாடா' என்று கூப்பிடும்.

முதல் தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. திருவண்ணாமலை, வேலூர் கல்லூரிகளின் தமிழ்த்துறையில் ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்கள் அவர்களிடம் போய்க் கேட்டு எழுத வேண்டும். சர்மாவின் பயணம் நூலாக ஏறத்தாழ நாற்பது வருடம் ஆனதுபோல இதற்கும் ஆகக் கூடாது. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் 'புயலிலே ஒரு தோணி'யும் 'போரின் மறுபக்கம்' நூலும் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். முகாமிலிருந்து ஒரு கையெழுத்துப் பிரதி வந்தால், அனுதாபத்தோடு தட்டிக்கொடுக்காமல், மற்ற நாவலைப் படிக்கிற கறாரோடு படியுங்கள்.